மலிவு விலை எம்.பி.3 பிளேயர் வாங்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கையடக்க எம்.பி.3 பிளேயர்கள் பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் சுற்றி வருகின்றன: குறைந்த விலைக்குக் கிடைக்கிறதே, காசுக்குத் தகுமா? அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருப்பதை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. வாங்கியவர் தன் கையால் சோதித்துப் பார்க்கக்கூடிய நாலைந்து விஷயங்களை வைத்துத்தான் சொல்ல முடியும். அந்தச் சோதனைகளைக் கூடியவரை விவரமாகவே எழுதியிருக்கிறோம்.

கேள்வி: என் மகன் விடுதியில் தங்கி பிளஸ் டூ படிக்கிறான். செல்போனுக்கு அனுமதி இல்லை. பாட்டு கேட்கும் கருவிக்குத் தடை இல்லை என்கிறார்கள். 400 ரூபாயிலும் இருக்கிறது, 3,000 ரூபாயிலும் இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது? – வாசகர், நாமக்கல்

பதில்: 400 ரூபாய்க்கு வருவது சட்டையில் மாட்டும் கிளிப் வகை. திரை கிடையாது, சொந்த நினைவகமும் பெரும்பாலும் கிடையாது. மெமரி கார்டை நாம்தான் போட வேண்டும். ஒலி அளவின் படிகள் முரட்டுத்தனமாக இருக்கும்: ஒரு படி ஏற்றினால் காதைத் துளைக்கும், ஒரு படி இறக்கினால் கேட்காது. பேட்டரி மிகச் சிறியது, சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். காலை நடைக்கு எடுத்துப் போக அது போதும். விடுதியில் மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டியவனுக்கு வாங்கித் தராதீர்கள்.

1,500 முதல் 3,000 ரூபாய்க்குள் சிறு திரையும் 16 அல்லது 32 ஜி.பி. நினைவகமும் உள்ளவை கிடைக்கின்றன. இவற்றில் முதலில் பார்க்க வேண்டியது கார்டு போடும் துளை. பிளேயர் பழுதானாலும் கார்டில் உள்ள பாடல்கள் பிழைக்கும். அடுத்தது பட்டன். தொடு பட்டன் வைத்த மாடல்கள் பையில் கிடக்கும்போதே தானாகப் பாட்டு மாற்றும். அழுத்தினால் 'டக்' என்று உள்ளே போகும் பட்டன்தான் நல்லது, அதிலும் ஒலி அளவுக்குத் தனிப் பட்டன் இருக்க வேண்டும். மூன்றாவது, அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் விட்ட பாட்டில், விட்ட நொடியிலிருந்து தொடர்கிறதா என்பது. பாடம் அல்லது சொற்பொழிவு கேட்பவருக்கு இது இல்லாத பிளேயர் நாளடைவில் மேசை டிராயருக்குள் போய்விடும்.

வீடியோ, மின்னூல், விளையாட்டு, நடை எண்ணி என்று அடுக்கியிருப்பதற்குக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். இந்த விலையில் வீடியோ என்றால் அஞ்சல் தலை அளவுத் திரைக்கு ஏற்ற மாதிரி ஒவ்வொரு கோப்பையும் கணினியில் மாற்றி ஏற்ற வேண்டியிருக்கும். குரல் பதிவும் புளூடூத்தும் இருந்தால் விடுதிக் காப்பாளர் ஆட்சேபிக்கலாம், முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்குவதானால், 200 பாடல்கள் ஏற்றிய உங்கள் சொந்தக் கார்டையும் இயர்போனையும் கொண்டு போங்கள். கார்டைப் போட்டு, ஃபோல்டர் வாரியாகப் பட்டியல் காட்டுகிறதா என்று பாருங்கள். பாட்டு மாற்ற இரண்டு நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டால் ஆயிரம் பாடல் ஏற்றியபின் இன்னும் இழுக்கும். ஒலியை முதல் படியில் வைத்து, அமைதியான இடத்தில் நின்று கேளுங்கள். அதுவே சத்தமாக இருந்தால் இரவில் கேட்க உதவாது. இயர்போன் பின்னை மெல்லத் திருப்புங்கள். கரகரப்போ ஒரு பக்கம் நின்றுபோவதோ இருந்தால் அந்தக் கருவியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மொத்தம் 3,000 ரூபாய் ஒதுக்கினால், பிளேயருக்கு 2,000, மீதி 1,000 இயர்போனுக்கும் அசல் கார்டுக்கும். பிளேயருக்கே முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, பெட்டியோடு வரும் இயர்போனில் கேட்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கேள்வி: '128 ஜி.பி.' என்று போட்ட பிளேயரை ஆன்லைனில் 999 ரூபாய்க்கு வாங்கினேன். கணினியில் இணைத்தால் 128 ஜி.பி. அளவுக்குச் சரியாகவே காட்டுகிறது. ஆனால் முதல் 1,600 பாடல்கள் வரைதான் ஓடுகின்றன. அதற்குப் பின் ஏற்றியவை 'ஃபார்மேட் பிழை' என்று வருகின்றன. பாடல்கள் எல்லாம் 128 கே.பி.பி.எஸ். (நொடிக்கு 128 கிலோபிட்). – வாசகர், ஈரோடு

பதில்: நீங்கள் கொடுத்த எண்ணிலேயே விடை இருக்கிறது. 128 கே.பி.பி.எஸ். தரத்தில் ஒரு நிமிடப் பாட்டு ஏறத்தாழ 1 எம்.பி. பிடிக்கும், 5 நிமிடப் பாட்டுக்கு 4.8 எம்.பி. 1,600 பாடல் என்றால் 7.7 ஜி.பி. அதாவது உள்ளே இருப்பது 8 ஜி.பி. நினைவகம். அதைக் கட்டுப்படுத்தும் சில்லின் மென்பொருளைத் திருத்தி, கணினி கேட்கும்போது '128' என்று பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். அதனால்தான் காப்பி செய்யும்போது எந்தப் பிழையும் வரவில்லை: கோப்பின் பெயரும் அளவும் பட்டியலில் பதிவாகிவிடும், உள்ளடக்கம் மட்டும் எங்கும் எழுதப்படாது. சில போலிகளில் புதிய பாட்டு பழைய பாட்டின் மேலேயே எழுதப்படும். அப்போது முதலில் ஏற்றியவை கெட்டுப்போகும். தனியாக வாங்கும் மெமரி கார்டிலும் இதே மோசடி உண்டு.

இதை உறுதி செய்ய 'ஹெச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச விண்டோஸ் மென்பொருள் இருக்கிறது. பிளேயரில் உள்ளதை எல்லாம் கணினிக்கு எடுத்து வைத்துவிட்டு அதைக் காலி செய்யுங்கள். மென்பொருளைத் திறந்து மொழியை ஆங்கிலமாக்கி, பிளேயரின் டிரைவைத் தேர்ந்தெடுத்து, எழுதிச் சரிபார்க்கும் பட்டனை அழுத்துங்கள். அது 1 ஜி.பி. கோப்புகளாக முழு இடத்தையும் நிரப்பி, திரும்பப் படித்துப் பார்க்கும். நொடிக்கு 10 எம்.பி. வேகத்தில் 32 ஜி.பி. நிரப்பவே ஒரு மணி நேரம் ஆகும். 128-க்கு இரவு முழுக்க விட வேண்டியிருக்கலாம். முடிவில் பிழை இல்லை என்று வந்தால் நல்ல சரக்கு. இத்தனை ஜி.பி. தொலைந்தது என்று வந்தால் அந்தத் திரையைப் படம் பிடித்து, பணம் திரும்பக் கேட்கும்போது இணையுங்கள். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு 'எஃப்3' என்ற மென்பொருள் இதே வேலையைச் செய்யும்.

7 ஜி.பி.யை மட்டும் தனிப் பகுதியாக (பார்ட்டிஷன்) பிரித்துக்கொண்டு மீதியை மறந்துவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். கொள்ளளவில் பொய் சொன்னவர் நல்ல தரமான சில்லைப் போட்டிருப்பார் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. திருப்பி அனுப்புங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்பட வேண்டாம். 32 ஜி.பி. கார்டு கணினியில் 29.8 என்று காட்டுவது மோசடி அல்ல. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது. அதேபோல் 64 என்பது 59.6 ஆகத் தெரியும். பிளேயரின் உள் நினைவகத்தில் அதன் இயக்க மென்பொருளும் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: 32 ஜி.பி. கார்டை எடுத்துக்கொள்ளும் பிளேயர், 64 ஜி.பி. கார்டைப் போட்டால் 'கார்டு இல்லை' என்கிறது. – வாசகி, தென்காசி

பதில்: 64 ஜி.பி.யும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அடுக்கு முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டு வருகின்றன. மலிவு பிளேயர்கள் பலவற்றுக்கு ஃபேட்32 என்ற பழைய முறை மட்டும்தான் தெரியும். விண்டோஸில் வலது கிளிக் செய்து வரும் வழக்கமான ஃபார்மேட் பெட்டி 32 ஜி.பி.க்கு மேல் ஃபேட்32 தருவதில்லை. 'ரூஃபஸ்' அல்லது 'ஜியூஐஃபார்மேட்' என்ற இலவச மென்பொருளால் செய்யலாம். கார்டில் உள்ளது எல்லாம் அழிந்துவிடும், முதலில் நகல் எடுங்கள். இதற்குப் பிறகும் தெரியவில்லை என்றால் அந்த மாடலின் எல்லை 32 தான்.

கேள்வி: புது பிளேயரில் என் செல்போன் இயர்போனைச் செருகினால் இசை மட்டும் கேட்கிறது, பாடகர் குரல் எங்கோ கிணற்றுக்குள் இருந்து வருகிறது. பிளேயர் கோளாறா, இயர்போன் கோளாறா? – வாசகர், காரைக்குடி

பதில்: இரண்டும் இல்லாமல் இருக்கலாம். உங்கள் இயர்போனில் மைக் இருக்கிறதல்லவா? பின்னைப் பாருங்கள்: மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். மைக் இல்லாத இயர்போனில் இரண்டுதான். மூன்று வளையப் பின்னில் இடது, வலது, பொது, மைக் என்று நான்கு இணைப்புகள். பிளேயரின் துளை மூன்று இணைப்புக்கானது. மலிவான துளைகளில் பொது இணைப்புக்கான தகடு, பின்னின் பொது வளையத்தைத் தொடாமல் மைக் பகுதியைத் தொட்டுக்கொண்டு நிற்கும்.

பொதுக் கம்பி விட்டுப்போனால் மின்னோட்டம் ஒரு காதின் ஸ்பீக்கர் வழியாகப் போய் இன்னொன்றின் வழியாகத் திரும்புகிறது. அப்போது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே ஒலிக்கும். பாடகர் குரலை இரண்டு பக்கமும் சமமாகத்தான் கலந்திருப்பார்கள். அது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரு பக்கமாகச் சாய்த்துக் கலந்த வயலினும் புல்லாங்குழலும் தப்பித்து வந்துவிடும்.

சோதிப்பது எளிது. பாட்டு ஓடும்போது இயர்போன் கம்பியில் உள்ள மைக் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். அந்த பட்டன் மைக்கையும் பொதுவையும் இணைப்பது. குரல் சட்டென்று திரும்பினால் காரணம் இதுதான். பின்னை ஒரு மில்லிமீட்டர் வெளியே இழுத்துப் பார்த்தாலும் சரியாகலாம். நிரந்தரத் தீர்வு, இரண்டு வளைய இயர்போன். அதைப் போட்டும் குரல் வரவில்லை என்றால் துளைக்குள் தூசியோ, உள்ளே சாலிடரிங் பற்று விட்டதோதான். மெல்லிய பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காயவிட்டுப் பாருங்கள். பின்னை அசைத்தால் குரல் வந்து வந்து போகிறது என்றால் பற்று விட்டிருக்கிறது. கேரண்டி இருக்கும்போதே மாற்றுங்கள்.

கேள்வி: அதே பாட்டு, அதே இயர்போன். போனில் தவிலும் மிருதங்கத்தின் தொப்பியும் (இடது பக்கம்) நன்றாகக் கேட்கின்றன. பிளேயரில் தகரம் தட்டுவது போல் இருக்கிறது. மலிவு பிளேயர் என்றால் இப்படித்தானா? – வாசகர், கும்பகோணம்

பதில்: எல்லா மலிவு பிளேயரும் அப்படி இல்லை, இந்தக் குறைக்குத் திட்டவட்டமான காரணம் இருக்கிறது. ஒலி தரும் சில் ஒற்றை மின்னழுத்தத்தில் இயங்கினால் அதன் வெளியீட்டில் ஒலியோடு நேர்மின்னழுத்தமும் கலந்திருக்கும். அது இயர்போனுக்குப் போகாமல் தடுக்க ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு மின்தேக்கி (கெப்பாசிட்டர்) வைக்கிறார்கள். மின்தேக்கி சிறியதாக இருந்தால் தாழ்ந்த ஒலிகளையும் சேர்த்துத் தடுத்துவிடும். கணக்கு இது: 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் 16 ஓம் இயர்போனும் சேர்ந்தால் 100 ஹெர்ட்ஸிலேயே ஒலியின் ஆற்றல் பாதியாகிவிடும், 50 ஹெர்ட்ஸில் 7 டெசிபெல் குறையும். தொப்பியின் கும்காரம் இருப்பதே அந்தப் பகுதியில்தான். 220 மைக்ரோஃபாரட் வைத்திருந்தால் அந்த எல்லை 45 ஹெர்ட்ஸுக்கு இறங்கியிருக்கும், குறை அதிகம் தெரியாது. இடமும் சில்லறைக் காசும் மிச்சம் பிடிக்கத்தான் சிறியதை வைக்கிறார்கள். மின்தேக்கியே தேவைப்படாத சில்களும் உண்டு. உங்கள் போனில் பெரும்பாலும் அப்படிப்பட்டதுதான் இருக்கும்.

திறந்து பார்க்காமலே கண்டுபிடிக்கலாம். பிளேயரை ஆக்ஸ் கம்பி மூலம் வீட்டு ஆம்பிளிஃபயரில் இணைத்து அதே பாட்டைப் போடுங்கள். ஆம்பிளிஃபயரின் உள்ளீடு ஆயிரக்கணக்கான ஓம் கொண்டது; அங்கே இந்த மின்தேக்கி தாழ்ந்த ஒலியைத் தடுக்காது. அங்கே தவில் முழுதாகக் கேட்டு, இயர்போனில் மட்டும் மெலிந்தால் குற்றவாளி மின்தேக்கிதான். ஆம்பிளிஃபயரிலும் மெலிந்தே கேட்டால் தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் பிளேயரின் ஈக்வலைசரைப் பாருங்கள், 'நார்மல்' தவிர வேறு எதிலாவது இருக்கும்.

எளிய வழி, 32 ஓமோ அதற்கு மேலோ உள்ள இயர்போனுக்கு மாறுவது. ஓம் இரட்டித்தால் தடுக்கும் எல்லை பாதியாகக் குறையும்: 100 ஹெர்ட்ஸ் 50 ஆகிவிடும். சாலிடரிங் தெரிந்தவர் 220 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட் டான்டலம் மின்தேக்கி இரண்டை மாற்றிப் போடலாம். நேர்முனை சில்லை நோக்கி இருக்க வேண்டும், இடமும் இருக்க வேண்டும். ஈக்வலைசரில் 'பாஸ்' கூட்டுவதென்றால் கொஞ்சமாகக் கூட்டுங்கள். அதிகம் ஏற்றினால் உச்சங்கள் நறுக்குப்பட்டு, மிருதங்கம் கிழிந்த தோல் மாதிரி அடிக்கும்.

எல்லாவற்றுக்கும் முன், காதுக்குள் போகும் ரப்பர் முனை சரியான அளவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காற்று கசிந்தால் எந்தக் கருவியிலும் தாழ்ந்த ஒலி நிற்காது. ஒப்பிடும்போது இரண்டின் ஒலி அளவும் சமமாக இருக்கட்டும். சற்றே சத்தமாக இருப்பது எப்போதும் நல்லதாகத்தான் தோன்றும்.

கேள்வி: தமிழில் பெயர் வைத்த பாடல்கள் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. பாடல்கள் வரிசையும் குளறுபடி. 10 நாள் உபன்யாசம் ஒன்று 7, 2, 10, 1 என்று ஓடுகிறது. – வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: கட்டம் வருவது தமிழ் எழுத்துரு இல்லாததால். இதற்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. எழுத்துரு இருக்கும் சில மாடல்களிலும் 'கொ' என்பதன் கொம்பு இடம் மாறி நிற்கும், ஏனென்றால் கொம்பை எழுத்துக்கு முன்னே கொண்டுவந்து வைக்கும் வேலையை அந்தச் சிறு மென்பொருள் செய்வதில்லை. கோப்புப் பெயரை ஆங்கில எழுத்துகளில் மாற்றுவதுதான் ஒரே வழி. மாற்றிய பிறகும் கட்டமே வந்தால், பிளேயர் கோப்புப் பெயரைக் காட்டாமல் பாட்டுக்குள் பதிந்த தகவலைக் காட்டுகிறது என்று பொருள். 'எம்பி3டேக்' என்ற இலவச மென்பொருளில் ஃபோல்டரைத் திறந்து அந்தத் தலைப்புகளையும் மாற்றுங்கள். அதன் அமைப்புகளில், எழுதும் வடிவத்தை 'ஐடி3 வி2.3, யுடிஎஃப்-16' என்று வைத்து, எல்லாப் பாட்டையும் தேர்ந்தெடுத்து ஒருமுறை சேமியுங்கள். பழைய வகை பிளேயர்கள் 2.4 வடிவத்தைப் படிக்கத் திணறும். பாட்டுக்குள் ஒட்டிய அட்டைப் படம் பெரிதாக இருந்தால் பட்டியல் நகர்வதே தாமதமாகும். 300-க்கு 300 புள்ளிக்குக் குறைத்துவிடுங்கள்.

வரிசைக்கு வருவோம். பல மலிவு பிளேயர்கள் பெயரைப் பார்த்து அடுக்குவதில்லை. கார்டில் எந்த வரிசையில் எழுதப்பட்டதோ அதே வரிசையில்தான் ஓட்டும். எனவே இரண்டு வேலை. பெயர்களை 01, 02 … 10 என்று இரண்டு இலக்கத்தில் தொடங்குங்கள். வெறும் 1 என்று வைத்தால் பெயர்ப்படி அடுக்கும் பிளேயரில் 10 என்பது 2-க்கு முன் வந்துவிடும். பிறகு அந்த ஃபோல்டரைக் கார்டிலிருந்து அழித்து, கணினியில் பெயர்ப்படி அடுக்கி, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, 01 என்ற கோப்பையே பிடித்து இழுத்துப் போடுங்கள். நடுவில் ஒன்றைப் பிடித்து இழுத்தால் விண்டோஸ் அதிலிருந்துதான் காப்பியைத் தொடங்கும். உங்களுக்கு 7 முதலில் வருவதற்கு அது காரணமாக இருக்கலாம். ஏற்கெனவே நிறைந்த கார்டைச் சீர் செய்ய 'டிரைவ்சார்ட்' என்ற மென்பொருள் உதவும். மேக் கணினியில் ஏற்றினால் புள்ளியில் தொடங்கும் பெயரோடு ஓடாத கோப்புகள் சேர்ந்துவிடும், அவற்றை அழித்துவிடலாம்.

கேள்வி: '80 மணி நேரம் ஓடும்' என்றார்கள், 12 மணி நேரம்கூட நிற்கவில்லை. போதாததற்கு, என் போன் சார்ஜரில் போட்டால் சார்ஜே ஏறவில்லை. – வாசகர், ஓசூர்

பதில்: சார்ஜரை முதலில் தீர்ப்போம். உங்கள் போன் சார்ஜர் இருபுறமும் டைப்-சி கம்பி கொண்டதாக இருக்கும். அப்படிப்பட்ட சார்ஜர், எதிர்முனையில் 5.1 கிலோ ஓம் மின்தடை இருப்பதை உணர்ந்த பிறகுதான் மின்சாரம் விடும். மலிவு கருவிகளில் டைப்-சி துளையை மட்டும் வைத்துவிட்டு அந்த மின்தடையை விட்டுவிடுகிறார்கள். பழைய அகன்ற யு.எஸ்.பி. துளை கொண்ட சார்ஜரிலோ கணினியிலோ போடுங்கள், ஏறும். 2 ஆம்பியர் சார்ஜரில் போட்டால் சிறு பேட்டரி எரிந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். பிளேயர் தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுக்கும். சார்ஜ் ஏறுகிறது, கணினியில் மட்டும் தெரியவில்லை என்றால் அது தகவல் கம்பி இல்லாத, சார்ஜுக்கு மட்டுமான கேபிள்.

இனி 80 மணி. பேட்டரியின் மில்லியாம்பியர் மணியை (எம்.ஏ.ஹெச்.), பிளேயர் இழுக்கும் மின்னோட்டத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும். 300 எம்.ஏ.ஹெச். பேட்டரி, 15 மில்லியாம்பியர் இழுத்தால் 20 மணி. புளூடூத் போட்டாலும் திரை எரிந்தாலும் இழுப்பு கூடும். 80 மணி வேண்டுமென்றால் 4 மில்லியாம்பியருக்கும் குறைவாக இழுக்க வேண்டும்; இந்த வகைக் கருவியில் அதை நம்ப வேண்டாம். பேட்டரியின் அளவையும் சரிபார்க்க முடியும். தட்டைப் பை வடிவ பேட்டரியில் ஆறு இலக்க எண் இருக்கும். 302030 என்றால் 3 மி.மீ. தடிமன், 20 அகலம், 30 நீளம். அந்த அளவில் 150 எம்.ஏ.ஹெச். அளவுக்குத்தான் அடங்கும். அதன் மேல் 600 என்று அச்சிட்டிருந்தால் அது வெறும் அச்சு.

வயர் இயர்போனில், நடு ஒலியில், திரை அணைந்து 12 மணி என்பது இந்த விலையில் குறை சொல்லத்தக்கதல்ல. 5 மணிக்குக் கீழே என்றால் திருப்பிக் கொடுங்கள். பின்மூடி உப்பினால் அந்த நிமிடமே பயன்படுத்துவதை நிறுத்துங்கள். குத்தவோ அமுக்கவோ கூடாது.

கேள்வி: போனில் பாட்டு ஆப்பில் சந்தா கட்டி டவுன்லோடு செய்தவற்றை பிளேயருக்கு மாற்ற முடியுமா? – வாசகர், திருப்பூர்

பதில்: முடியாது. அவை பூட்டிய கோப்புகள். சாவி அந்த ஆப்புக்குள் இருக்கிறது. பிளேயருக்கு வேண்டியது விலைக்கு வாங்கிய எம்.பி.3 அல்லது உங்களிடம் உள்ள சி.டி., கேசட். ஒரு முழு சி.டி.யை 320 கே.பி.பி.எஸ். தரத்தில் எடுத்தால் 180 எம்.பி. அளவு வரும். கேசட்டானால் டெக்கின் லைன் அவுட்டிலிருந்து கணினியின் லைன் இன்னுக்குக் கம்பி போட்டு 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருளில் பதியுங்கள். மைக் துளையில் போட்டால் ஒலி கிழியும். முதலில் டேப் ஹெட்டைத் துடையுங்கள். உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் வையுங்கள். 60 நிமிடக் கேசட்டுக்கு 60 நிமிடம் உட்கார வேண்டியதுதான்.

சந்தா ஆப்தான் உங்கள் பாட்டு உலகம் என்றால் பிளேயரே வாங்க வேண்டாம். 3.5 மி.மீ. துளை உள்ள பழைய போன் வீட்டில் கிடந்தால், பேட்டரி உப்பாமல் இருந்தால், சிம்மை எடுத்துவிட்டு அதையே வைத்துக்கொள்ளுங்கள். 2,000 ரூபாய் பிளேயரைவிட அதன் ஒலி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

கேள்வி: '24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ், லாஸ்லெஸ்' என்று பெட்டியில் இருக்கிறது. என் எம்.பி.3 பாடல்களை, தரம் இழக்காமல் சுருக்கும் (லாஸ்லெஸ்) வடிவமான ஃபிளாக் ஆக மாற்றினால் தரம் கூடுமா? – வாசகர், மதுரை

பதில்: கூடாது. எம்.பி.3 ஆக்கும்போது வெட்டி எறிந்தது திரும்ப வராது, 5 எம்.பி. பாட்டு 30 எம்.பி. ஆகி இடத்தைத்தான் அடைக்கும். பெட்டியில் உள்ள எண், அந்தக் கோப்பைத் திறக்க முடியும் என்பதை மட்டும் சொல்கிறது. வெளியே வரும் ஒலியின் தரத்தைச் சொல்வதில்லை. சி.டி.யின் 44.1 கிலோஹெர்ட்ஸ் மனிதக் காது கேட்கும் 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் போதுமானது.

இந்த எண்ணைவிட இரைச்சலைப் பாருங்கள். பாட்டை நிறுத்தி வைத்துக் கேட்டால் பல பிளேயர்கள் ஒலிப் பகுதியையே அணைத்துவிடும், ஏமாந்துபோவீர்கள். 'ஆடாசிட்டி'யில் இரண்டு நிமிட மௌனத்தை ஒரு எம்.பி.3 ஆக்கி, அதை ஓடவிட்டுக் கேளுங்கள். 'ஸ்ஸ்' என்ற சீறலோ, பட்டியலை நகர்த்தும்போது 'டிக் டிக்' ஓசையோ வந்தால், வீணைக் கச்சேரியின் ஆலாபனை முழுக்க அது கூடவே வரும்.

கேள்வி: எஃப்.எம். தேடினால் ஒரு நிலையமும் கிடைப்பதில்லை. – வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இயர்போன் கம்பிதான் ஆன்டெனா, புளூடூத் இயர்போனில் கேட்க முடியாது, வயரைச் செருகி நீட்டி விடுங்கள். பிறகு எஃப்.எம். அமைப்பில் நாடு 'ஜப்பான்' என்று இருக்கிறதா பாருங்கள். அந்த அமைப்பில் அலைவரிசை 76-இல் தொடங்கி 90-இலேயே முடிந்துவிடும். நம் நிலையங்களில் அநேகமாக எல்லாமே அதற்கு மேலேதான். 87.5 முதல் 108 வரை காட்டும் அமைப்புக்கு மாற்றித் திரும்பத் தேடுங்கள்.

கேள்வி: 11 வயது மகள் நாள் முழுக்க இயர்போனோடு இருக்கிறாள். ஒலியை 60 சதவீதத்துக்குள் வைத்தால் போதும் என்கிறார்களே? – வாசகி, வேலூர்

பதில்: அந்த 60 சதவீதத்தை மலிவு பிளேயருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஒரு பிளேயரின் 60 சதவீதம் இன்னொன்றின் 100-ஐவிடச் சத்தமாக இருக்கலாம். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு பெரியவர்களுக்கு 80 டெசிபெல்லில் வாரம் 40 மணி நேரம். குழந்தைகளுக்கு 75 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அனுமதிக்கும் நேரம் பாதியாகும். 75-இல் 40 மணி கேட்கலாம் என்றால் 84-இல் 5 மணிதான், அதுவும் ஒரு வாரத்துக்கு.

வீட்டில் அமைதியான அறையில், நீங்கள் சாதாரணக் குரலில் பேசினால் அவளுக்குக் கேட்கும் அளவில் ஒலியை வையுங்கள். அந்தப் படியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, பிளேயரில் அதிகபட்ச ஒலிக்கு வரம்பு வைக்கும் வசதி இருந்தால் அங்கேயே பூட்டிவிடுங்கள். பேருந்தில்தான் ஆபத்து அதிகம். வெளிச்சத்தத்தை மீறிக் கேட்க ஒலியை ஏற்றுவார்கள். காதை நன்றாக அடைக்கும் ரப்பர் முனை வாங்கிக் கொடுத்தால் ஏற்ற வேண்டிய தேவை குறையும். காதில் 'ங்' என்று ரீங்காரம் கேட்கிறது என்று அவள் சொன்னால் இயர்போனை நிறுத்திவிட்டு, காது மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கும்போது ஏமாறாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும்? ஏமாந்தால் எங்கே போவது? – வாசகர், புதுக்கோட்டை

பதில்: விற்பனைப் பக்கத்தில் எந்த நாட்டில் தயாரானது என்று இருக்க வேண்டும். பெட்டியில் அதிகபட்ச சில்லறை விலை, இறக்குமதியாளர் பெயரும் முகவரியும், மாதமும் ஆண்டும், புகார் தொடர்பு விவரம் ஆகியவை அச்சாகியிருக்க வேண்டும். இது சட்டப்படியான கட்டாயம். பேட்டரியில் ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பதிவு எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்பில் அடித்தால் யாருடையது என்று காட்டும்.

திருப்பி அனுப்பும் அவகாசம் எத்தனை நாள் என்பதை வாங்குவதற்கு முன்பே பாருங்கள். 'மாற்றித் தருவோம், பணம் கிடையாது' என்ற நிபந்தனை இருந்தால் தவிர்ப்பது நல்லது. பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். முதல் இரவே கொள்ளளவுச் சோதனையை ஓடவிடுங்கள். அதுதான் அதிக நேரம் பிடிப்பது, அதில் தோற்றால் மற்றவற்றைப் பார்க்கவே தேவையில்லை. அடுத்த நாள் முழு சார்ஜிலிருந்து அணையும்வரை பேட்டரி. அதன்பின் ஒலியும் பட்டன்களும். இவையெல்லாம் முடியும்வரை பில்லையும் பெட்டியையும் உள்ளே இருந்த காகிதங்களையும் எறியாதீர்கள்.

விற்பனையாளர் மறுத்தால் முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்பி, எண் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லை என்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொள்ளளவுச் சோதனையின் திரையைப் பிடித்த படமும் பிரித்த வீடியோவும் பில்லும் அங்கே கைகொடுக்கும்.